பொன்னாடைக்கு அடியிலிருந்து ஒரு ஆட்டுக் கதை

அன்றைக்கு வந்திருந்தவர்கள்:

தலைவர். கௌபாய் தொப்பியோடு வந்தார். அவர் கேட்டது மீசை மட்டும். அந்த ஆப்பில் மீசை தனியாக வராது, தொப்பியோடுதான் வரும். சரி என்றுவிட்டார்.

செயலாளர். கோட்டு, டை. நேரில் அவர் டை கட்டி நான் பார்த்ததில்லை.

பொருளாளர். எழுபது வயது. மஞ்சள் கவுன் போட்டு, தலையில் ரிப்பன் கட்டிய பெண்ணாக வந்தார். எதையோ தெரியாமல் அழுத்திவிட்டார். மாற்றவும் தெரியவில்லை. "இருக்கட்டும், இன்னா இப்ப" என்றார். முன்பு சுரங்கத்தில் டோக்கன் வாங்குகிற ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர். எதற்கும் அசையமாட்டார்.

சந்தாபுரா அக்கா தங்கைகள் மூன்று பேர். போன் ஒன்றுதான். அதனால் உருவம் ஒன்று, குரல் மூன்று.

அத்திபெலே அக்கா. பூக்கடை வைத்திருக்கிறார். கரடியாக வந்தார். அதற்குக் காரணம் உண்டு.

நீலக் கோட்டு போட்ட ஒருவர். கடைசி வரிசை. யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

சிறப்பு விருந்தினர். தலையில் விளக்கு வைத்த சுரங்கத்து ஹெல்மெட்.

விருந்தினரின் மனைவி. நான் அண்ணி என்பேன். அவர் உருவம் எடுக்கவில்லை. தன் வீட்டு ஹாலில் டிவியில் லைவாகப் பார்த்தார். அவர் பார்க்கத்தான் அந்தக் கூட்டமே.

சங்கத்து மற்ற ஆட்கள்.

நான். கூட்டத்தை நடத்தியவன். சாம்பல் சட்டை.

மொத்தம் இருபத்தொன்பது என்று திரையின் மூலையில் காட்டியது. அண்ணி அதில் சேர்த்தி இல்லை.

இது நேரில் நடந்த கூட்டம் இல்லை. அவரவர் வீட்டில் இருந்தபடி, ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு ஹாலில் உட்கார்ந்தோம். பொம்மை நகரும், கை தூக்கும், கை தட்டும். குரல் நம்முடையது.

எங்கள் சங்கம் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்தவர்களின் சங்கம். அல்சூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஹால். மாதம் ஒரு ஞாயிறு யாராவது வந்து பேசுவார்கள். இந்த வருஷம் வீட்டுக்காரர் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டார். டைல்ஸ் வருகிறது என்றார். வரவில்லை. செயலாளரின் மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இந்த மாதிரி ஹால் கட்டுகிற வேலையில் இருக்கிறாள். "ரெண்டு மணி நேரம் சும்மா தர்றேன்பா. பதினொன்னுலேர்ந்து ஒண்ணு வரைக்கும். ஒரு மணிக்கு வேற ஆளுங்க புக் பண்ணியிருக்காங்க" என்றாள்.

நான் லிஃப்ட்காரன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கட்டடம். நான்கு மாடி. கம்பிக் கதவு லிஃப்ட். கதவை இழுத்துச் சாத்தினால்தான் நகரும். காலையிலிருந்து மாலை வரை நான் பேசுவது "எத்தனாவது" என்பது மட்டும். ஏழாவது வரை படித்தேன். மேடையில் பேசியதில்லை. என்னை ஏன் கூட்டம் நடத்தச் சொன்னார்கள் என்பதற்கும் காரணம் உண்டு.

விருந்தினர் எங்கள் கட்டடத்தில் நான்காவது மாடி ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறார். அதற்கு முன் சுரங்கத்தில் இருந்தார். ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு அடியில் நின்று மணி அடிக்கிற வேலை. அதாவது அவரும் ஒரு வகையில் லிஃப்ட்காரர். அதனால் என்னோடு பேசுவார். நான் அண்ணன் என்பேன்.

அவரிடம் ஒரு ஆட்டுக் கதை உண்டு. தரைத்தளத்தில் ஆடு கூண்டில் ஏறும். முதல் மாடியில் சுரங்கத்தின் அடிக்குப் போய்ச் சேரும். இரண்டாவது மாடியில் மேஸ்திரியின் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தின்னும். மூன்றாவது மாடியில் மேலேயிருந்து போன் வரும்: "அதை ஆளுன்னு அனுப்புறியா, சாமான்னு அனுப்புறியா?" நான்காவது மாடி வந்துவிடும். அவர் இறங்கிவிடுவார். மாலையில் கீழே வரும்போது விட்ட இடத்திலிருந்து சொல்லமாட்டார். மறுபடி முதலிலிருந்து. அதுவும் அதே நான்கு மாடி.

பல வருஷம் இப்படிப் போயிற்று. ஆடு என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை. இறங்குகிற ஆளை நிறுத்துவது லிஃப்ட்காரன் வேலை இல்லை.

ஒருநாள் அவர் நான்காவது மாடியில் இறங்கவில்லை. கதவைத் திறந்தேன். நின்றுகொண்டே இருந்தார்.

"தம்பி, சங்கத்துல என்னைப் பேசக் கூப்புட்டுக்கீறாங்க."

"நல்லது."

"மூணாவது தடவை. மொத தடவை மரியாதை முடியறதுக்குள்ள பிரியாணி வந்துடுச்சு. ரெண்டாவது தடவை தலைவரு என்னைப் பத்தியே பேசினாரு. என்னைப் பேச வுடல."

"ஆமாம்."

"இந்தத் தடவை நீதான் நடத்தணும்னு சொல்லிட்டேன்."

"எனக்குப் பேச வராது அண்ணா."

"அதாம்ப்பா வேணும்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு மாதம் அவர் சம்பளச் சீட்டில் அரை நாள் பிடித்திருந்தது. அண்ணி சீட்டைப் பார்த்துவிட்டார். காலை பத்து மணிக்கு வெளியே வந்ததாகப் போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தது ரெண்டரைக்கு. நடுவில் எங்கே போனீர்? மார்னிங் ஷோ. அண்ணி முடிவு கட்டிவிட்டார். இவர் இல்லை என்பார். ஆடு என்று ஆரம்பிப்பார். "ஆட்டுக் கதையை ஆட்டுகிட்ட சொல்லு" என்று அண்ணி எழுந்து போய்விடுவார். இது இன்று வரை நடக்கிறது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டில் உப்பு குறைந்தது என்று இவர் சொன்னால்கூட, "மார்னிங் ஷோ போனவரு பேசறாரு" என்று பதில் வருமாம்.

"டிவில வருதாமே" என்றார் அண்ணன். "டிவில வந்தா அவ நம்புவா. எழுந்தும் போவமாட்டா. அதுல நான் ஆட்டுக் கதையை முடிச்சிடணும். இதை வுட்டா எனக்கு வேற மேடை கெடைக்காது தம்பி."

நான்காவது மாடியில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். "சரி" என்றேன். இறங்கினார்.

சனிக்கிழமை ஒத்திகை. செயலாளர் வீட்டில் அவர் மகளுடைய லேப்டாப்பின் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக ஹாலுக்குள் வந்தார்கள். அத்திபெலே அக்கா வந்ததும் கத்தினார்.

"இன்னாடி இது, கால் எங்க?"

"ஆன்ட்டி, இந்த ஆப்ல இடுப்புக்குக் கீழ வராது" என்றாள் செயலாளர் மகள்.

"பேய்க்குத்தான்டி கால் இருக்காது. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா என்னைப் பேயாக்கறியா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் ஆன்ட்டி."

"அப்போ எல்லாரும் பேயி. நான் வரல."

அவர் வராவிட்டால் அத்திபெலேக்காரர்கள் பாதிப்பேர் வரமாட்டார்கள். செயலாளர் மகள் தேடினாள். மனித உருவம் எதற்கும் கால் இல்லை. மிருகங்களுக்கு இருந்தது. பன்றி, முயல், கரடி. அக்கா கரடியை எடுத்துக்கொண்டார். இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார். "இது மனுசன் மாதிரி கீது" என்றார்.

செயலாளருக்கு வேறு கவலை.

"குத்துவிளக்கு ஏத்தறப்ப செருப்பைக் கழட்டச் சொல்லணும்ல?"

"காலே இல்லப்பா" என்றாள் மகள்.

"சொல்றது ஒரு முறைம்மா. லைவ்ல போகுது."

ஞாயிறு பதினொரு மணிக்கு அதே லேப்டாப்பின் முன்னால் நான் ஆரம்பித்தேன். "வணக்கம். செருப்பைக் கழற்றவும். விளக்கு ஏற்றப்படும்." என் உரை அவ்வளவுதான். நல்ல தொடக்கம் என்று பிறகு சொன்னார்கள்.

பலர் வீட்டில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. சமையற்கட்டில் நின்றவர்கள்கூடக் கழற்றினார்களாம். பொம்மைகள் எல்லாம் திரும்பிக் கரடியின் பாதத்தைப் பார்த்தன. அதற்குத்தான் பாதம் இருந்தது.

"அக்கா, கழட்டலையா?" என்றது சந்தாபுராவின் ஒரு குரல்.

"செருப்பு எங்கடி போட்டுக்கீது? அது கரடி தோலு!"

விளக்கு எரிந்தது. அடுத்து நான், "தலைவர் பேசுவார்" என்றேன். தலைவர் தொப்பியைச் சரிசெய்ய முயன்றார். கை தொப்பிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. கண்டுகொள்ளாமல் பேசினார். செயலாளர் என் லேப்டாப் இருந்த அறையிலேயே வேறு போனோடு உட்கார்ந்திருந்ததால் தலைவர் சொன்னதெல்லாம் இரண்டு தடவை கேட்டது. "அனைவரையும் வருக வருக" என்பது நாலு வருகவாக வந்தது. மகள் அப்பாவை பால்கனிக்கு அனுப்பினாள். அங்கே எதிர்வீட்டு குக்கர் விசில் அடித்தது. தலைவர் பயந்து நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. பத்து மாதமாகத் தரை இல்லாமல் இருக்கிற சங்கத்தைப் பற்றிப் பேசினார். டைல்ஸ் நிறத்தைப் பற்றிப் பேசினார். மணி பன்னிரண்டு ஆயிற்று.

பிறகு பொன்னாடை.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர் யாரானாலும் ஒரு பொன்னாடை கொண்டுவருவார். ஒருவர் போர்த்தினால் போதாது. எல்லாரும் போர்த்த வேண்டும். போர்த்தாதவர் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். பொன்னாடைகள் சுற்றிச் சுற்றி வரும். எனக்குப் போன வருஷம் போர்த்தியது அதற்கு முந்தின வருஷம் நான் வேறொருவருக்குப் போர்த்தியது. ஓரத்தில் சாம்பார் கறை. நான்தான் கொட்டினேன்.

செயலாளர் மகளுக்கு இது தெரியும். ஒரு பொன்னாடை செய்து வைத்திருந்தாள். சிவப்பு, தங்கச் சரிகை. பட்டனை அழுத்தினால் அது பறந்து போய் விருந்தினர் தோளில் விழும். பார்க்க நன்றாக இருந்தது.

"தலைவர் பொன்னாடை போர்த்துவார்" என்றேன்.

தலைவர் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. அவர் வீட்டு நெட் மெதுவானது. மறுபடி அழுத்தினார். "வரலையே" என்றார். "இன்னொரு தடவை அமுத்துங்க" என்றார்கள். அழுத்தினார். தலைவருக்கே வரவில்லை என்றால் மரியாதை என்ன ஆவது? மற்றவர்கள் உதவிக்கு அழுத்தினார்கள். செயலாளர் பால்கனியிலிருந்து அழுத்தினார். சந்தாபுராவில் மூன்று பேரும் ஆளுக்கு ஆள் போனைப் பிடுங்கி அழுத்தினார்கள்.

"நீ போட்டுட்டல்ல, குடுடி."

"நான் போட்டது உன் பேர்ல போயிருக்கும். எனக்கு ஒண்ணு."

எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் வந்தன.

அண்ணன் தோளில் விழுந்தது. தலையில் விழுந்தது. நாற்காலி மறைந்தது. மேடையில் சிவப்பாக ஒரு மேடு எழும்பியது. கடைசியாகத் தலைவருடைய மூன்றும் நிதானமாகப் பறந்து வந்து உச்சியில் உட்கார்ந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். மேட்டுக்குள்ளிருந்து ஹெல்மெட் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

நீலக் கோட்டுக்காரர் எழுந்து நின்றார். கன்னடத்தில் கேட்டார்.

"சார், இது சேல்ஸ் ட்ரைனிங் அல்வா?"

சேல்ஸ் ட்ரைனிங்தானே என்று. இல்லை என்றேன். ஒரு மணிக்கு அதே ஹாலில் நடக்கிற பயிற்சிக்கு வந்தவராம். புது வேலை, தாமதமாகக் கூடாது என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். பரவாயில்லை, உட்காருகிறேன் என்றார். வெறும் கையோடு உட்காரக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவரும் ஒரு பொன்னாடை அனுப்பினார்.

"தம்பி" என்று மேட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூச்சு முட்டுதுப்பா."

"அண்ணா, நீங்க வீட்லதான இருக்கீங்க" என்றேன்.

"ஆமா. இருந்தாலும் முட்டுது. ஒண்ணுமே தெரியல, செவப்பா கீது."

செயலாளர் மகளைப் பார்த்தேன். "எடுக்கலாம் அங்கிள். ஆனா ஒவ்வொண்ணாத்தான் எடுக்கணும்" என்றாள்.

"போட்ட பொன்னாடையை எடுக்கறதா?" என்றார் தலைவர். "அது மரியாதை இல்ல. விருந்தினரு அப்படியே ரெஸ்ட் எடுக்கட்டும். அதுக்குள்ள நான் அவரைப் பத்தி நாலு வார்த்தை சொல்றேன்."

மணி பன்னிரண்டு நாற்பது. நாலு வார்த்தை என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

தலைவர் தொடங்கினார். இவர் யார் தெரியுமா என்றார். கரடி தெரியும் என்றது. சந்தாபுரா மூன்று குரலும் எந்தப் பொன்னாடை யாருடையது என்று சண்டையில் இருந்தன. யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது. யாரோ கறிக்கடைக்காரரிடம் "எலும்பு வேணாம்ணா" என்றார். செயலாளர் பால்கனியிலிருந்து "அமைதி அமைதி" என்றார். அது இரண்டாக வந்தது, அறைக்கதவு திறந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அப்போது ஒரு சத்தம். டிங்.

எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. மேட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஹால் நின்றது.

சுரங்கத்துக் கூண்டுக்கு ஒரு மணி என்றால் நில். எந்த வேலையில் இருந்தாலும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கை போகும், தலை போகும். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கூண்டில் போய்வந்தவர்கள். மீதிப்பேர் அவர்கள் வீட்டில் வளர்ந்தவர்கள். தலைவர் "இவர் சிறு வயதிலேயே" என்ற இடத்தில் வாயை மூடினார். கரடி கையைத் தூக்கியபடி நின்றது. மிக்ஸியும் நின்றது. நீலக் கோட்டுக்காரர் மட்டும் இங்கேயும் அங்கேயும் பார்த்தார். பிறகு அவரும் நின்றார்.

"எல்லாரையும் ஊமை ஆக்கற பட்டன் எதும்மா?" என்று கேட்டேன்.

"இது. ஆனா அப்பாவையும் தலைவரையும் மியூட் பண்ணா திட்டுவாங்க அங்கிள்."

கதவைச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும். அழுத்தினேன்.

அண்ணனுக்கு மட்டும் திறந்தேன். "அண்ணன் பேசுவார்" என்றேன்.

அண்ணன் பேசினார். தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தார்.

"காலைல ஆறு மணி ஷிஃப்ட்டு. நான் மொத கூண்டுல கீழ போயிட்டேன். ரெண்டாவது கூண்டு வந்துச்சு. கதவைத் தொறந்தேன். ஆளுங்க எறங்கினாங்க. அவங்க பின்னாடி ஒரு ஆடு எறங்குச்சு. மேல எண்றவன் தலையை எண்ணியிருக்கான். ஆடு தலை இடுப்புக்குக் கீழ இருந்துச்சு. எண்ணல."

மேஸ்திரியின் பொட்டலம் வந்தது. எலுமிச்சை சாதம் என்பது எனக்குப் புதுத் தகவல். லிஃப்டில் சொன்னதில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பொட்டலம் போனதாம். மேலேயிருந்து போன் வந்தது. ஆளா, சாமானா?

நான் லேப்டாப்பின் பக்கத்தில் குனிந்தேன். நான்காவது மாடி.

தாண்டினார்.

"சாமான்னு அனுப்பலாம். சாமான் கூண்டுக்குக் கதவு கெடையாது. பாதி வழில குதிச்சிட்டா இன்னா பண்றது? ஆளுன்னுதான் அனுப்பணும். ஆளுன்னா டோக்கன் வேணும். டோக்கன் இல்லாத எதுவும் மேல ஜன்னலைத் தாண்டக் கூடாது. ஆட்டுக்கு ஏது டோக்கன்? அது வாயில நாலாவது பொட்டலம் போய்க்கினு கீது. மேஸ்திரி, உன்னையே மேல அனுப்பிடுவேன்றாரு. நான் இன்னா பண்ணேன், என் டோக்கனை எடுத்தேன். சணல்ல கோத்து ஆட்டு கழுத்துல கட்டினேன். ஆளு வருதுன்னு மணி அடிச்சேன். ஆடு போயிடுச்சு."

தண்ணீர் குடிக்கிற சத்தம். அதே டம்ளராக இருக்கும்.

"ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தேன். ஜன்னல்ல இருந்தவரு, நீ காலைல பத்து மணிக்கே மேல வந்துட்டியேன்னாரு. நான் இல்லைங்க, அது ஆடுன்னேன். டோக்கன் வந்துடுச்சு, ஆளு வந்த மாதிரின்னுட்டாரு. அரை நாள் சம்பளம் கட்டு. அதாங்க விஷயம். நான் மார்னிங் ஷோ போவல. நன்றி, வணக்கம்."

நான் எல்லாருடைய வாயையும் மூடி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. திறக்கப் போனேன். அதற்குள் மஞ்சள் கவுன் ஒரு கையைத் தூக்கியது. பொருளாளர். அவருக்கு மட்டும் திறந்தேன்.

பொருளாளருக்கும் அண்ணனுக்கும் பேச்சு இல்லை. சங்கத்தில் ஆளுக்கு ஒரு மூலையில்தான் உட்காருவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

"ஜன்னல்ல இருந்தது நான்தான்" என்றது மஞ்சள் கவுன். ரிப்பன் ஆடியது. "ஆடு வந்துச்சு. ஜன்னல் கிட்ட நின்னுச்சு. கழுத்துலேர்ந்து டோக்கனை அவுத்துகினேன். பத்து மணின்னு போட்டேன். அதுல தப்பு இல்ல."

"ஆடுன்னு தெரிஞ்சும் போட்டியா?" என்றார் அண்ணன். அவர்கள் பேசி நான் கேட்ட முதல் பேச்சு.

"டோக்கனை யாரு கொண்டாந்து தர்றாங்கன்னு பார்க்கச் சொல்லி ரூல் இல்ல. நம்பரைத்தான் பார்க்கணும்."

"ஒரு வார்த்தை இதை என் வூட்ல வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ கேக்கல. நீதான் அன்னியிலேர்ந்து பேசறதே இல்ல."

ஹெல்மெட் விளக்கு மேட்டுக்குள் லேசாக ஆடியது. எல்லாருடைய வாயையும் திறந்துவிட்டேன்.

"அண்ணி இன்னா சொல்றாங்க?" என்று கேட்டது கரடி.

"ஒண்ணும் சத்தம் இல்லம்மா" என்றார் அண்ணன். "ஹால்லதான் கீறா."

"நம்பலையோ?"

"எழுந்து போயிட்டாளோ இன்னாமோ."

செயலாளர் மகள் என் காதில் சொன்னாள். "அங்கிள், லைவ் அரை நிமிஷம் லேட்டாத்தான் டிவில வரும்."

காத்திருந்தோம். மற்ற பொம்மைகள் எல்லாம் மேடையிலிருந்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கதவு படாரென்று திறக்கிற சத்தம். அண்ணியின் குரல், போனிலிருந்து கொஞ்சம் தள்ளி.

"ஏன்யா, அந்த நாத்தம் ஆட்டு நாத்தமா?"

"எந்த நாத்தம்?"

"அன்னிக்கு உன் சட்டையில வந்துச்சே. நீ ஓட்டல்ல மட்டன் சாப்பாடு துன்னுட்டு சினிமாவுக்குப் போயிருக்கன்னு நெனைச்சேன்!"

"மட்டனா? நீ சினிமான்னுதான சொன்ன."

"மட்டனும்தான். அதைச் சொன்னா நீ ரொம்ப வெக்கப்படுவன்னு இத்தினி வருசம் வாயைத் தொறக்கல."

சந்தாபுராவில் மூன்று பேரும் சிரித்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். இந்த இனிய தருணத்தில் என்று ஆரம்பித்தார். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அண்ணி நம்புகிறாரா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வைக்காமல் ஹால் மூடிவிடக் கூடாது. நான் அன்று பேசியதில் நீளமானதைப் பேசினேன்.

"ஆடு கதை நெசம்னு நம்பறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. பொருளாளர் முதலில் தூக்கினார். தலைவர் வேறு வழியில்லாமல் தூக்கினார். கரடி இரண்டையும் தூக்கியது. ஒன்றை இறக்கச் சொன்னேன். சந்தாபுராக்காரர்கள் நாங்கள் மூன்று பேர், மூன்று கை வேண்டும் என்றார்கள்.

"கூண்டுல எண்றது தலையை" என்றார் அண்ணன் மேட்டுக்குள்ளிருந்து. "உங்களுக்குத் தலை ஒண்ணுதான்."

நீலக் கோட்டுக்காரர் தூக்கினார். அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியாது. "ஆடு ஒள்ளேதா, சார்?" என்று கேட்டார். நல்ல ஆடா என்று. நல்ல ஆடுதான் என்றேன். நானும் தூக்கினேன்.

ஆட்களை எண்ணுவது எனக்குப் பழக்கம். வரிசையாக எண்ணினேன். இருபத்தெட்டு.

"ஒண்ணு கொறையுது" என்றார் செயலாளர்.

"விருந்தினரு கை" என்றார் தலைவர். "அவரு கதைக்கு அவரே கை தூக்கக் கூடாது. செல்லாது."

"நான் தூக்கலைங்க" என்றார் அண்ணன். "என் கையை நான் தொடல."

அவர் போனில் ஏதோ உரசியது. அண்ணியின் குரல் கிட்டத்தில் கேட்டது.

"தள்ளு. இதுல கை தூக்கறது எது?"

"அந்த மஞ்சா கை."

"இதா?"

"அது போனை வெக்கறது. தொடாத! பக்கத்துல."

"கண்ணாடியை எடுத்துட்டு வந்து வெச்சிருக்கலாம்ல. இதா?"

"ம்."

மேடையில் அந்தச் சிவப்பு மேட்டின் உச்சி அசைந்தது. தலைவர் போட்ட மூன்று பொன்னாடையையும் துளைத்துக்கொண்டு ஒரு கை வெளியே வந்து நின்றது.

செயலாளர் மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினேன்.

இருபத்தொன்பது.